லேப்டாப் திரையில் நிறம் மாறித் தெரிகிறதா? காரணம் கண்டு சரிசெய்யும் முழு வழிகாட்டி

வெள்ளைப் பக்கம் மஞ்சளடித்துத் தெரிகிறது. முகங்கள் அளவுக்கு மீறிச் சிவந்திருக்கின்றன. லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து எடிட் செய்த படம் கைபேசியில் வேறு படம் போல இருக்கிறது. இப்படி ஒரு சந்தேகம் வந்ததும் பலர் நேராகக் கேலிபரேஷன் (திரையின் நிறத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் திருத்தம்) பக்கத்தைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீல ஸ்லைடர்களை நகர்த்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

தனி மானிட்டருக்கும் லேப்டாப் திரைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மானிட்டரில் அதன் சொந்த மெனுவுக்குள் போய் மூன்று நிறங்களின் அளவையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றலாம். பெரும்பாலான லேப்டாப் பேனல்களில் நேரடியாக மாற்றக்கூடியது வெளிச்சத்தின் அளவு ஒன்றுதான். மற்ற எல்லாத் திருத்தமும், கிராபிக்ஸ் சிப்பிலிருந்து பேனலுக்குப் போகும் எண்களை மாற்றித்தான் நடக்கிறது. சாதாரண 8 பிட் திரையில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். நீலத்தை 15% குறைத்தால் அந்த 256 படிகளில் ஒரு பகுதி பயன்படாமல் போகிறது. வானம் போன்ற மென்மையான நிறமாற்றங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது இதனால்தான்.

ஆகவே லேப்டாப்பில் வேலை நடக்க வேண்டிய வரிசை இது: நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும், எஞ்சியிருக்கும் பிழையை மட்டும் பிறகு திருத்த வேண்டும். பல நேரங்களில் நீக்கும் வேலையிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 1: பழுது எங்கே இருக்கிறது?

எதையும் மாற்றும் முன் சில சோதனைகள்.

கணினியை மறுதொடக்கம் செய்து, எஃப்2 அல்லது டெலீட் போன்ற விசையை அழுத்திப் பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கத்துக்குள், போங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, கலர் புரொஃபைல் (திரையின் நிறத்தன்மையைச் சொல்லும் கோப்பு) இல்லை. அங்குள்ள வெள்ளை எழுத்தும் சாம்பல் நிறமும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், பழுது பேனலிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. மென்பொருளில் எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் அது தீராது. பயாஸில் எல்லாம் சரியாகத் தெரிந்து, விண்டோஸுக்குள் வந்ததும் நிறம் மாறினால் நல்ல செய்தி: கோளாறு மென்பொருளில்தான்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட் சோதனை. பிரச்சினை தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வேறு ஒரு சாதனத்தில் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் சிப்பின் திருத்த வளைவுகளும் பேனலும் படத்தைத் தொடுவதற்கு முந்தைய நிலையைத்தான் ஸ்கிரீன்ஷாட் பதிவு செய்கிறது. அங்கேயும் நிறம் கெட்டிருந்தால் சிக்கல் அந்தச் செயலியிலோ படக்கோப்பிலோ இருக்கிறது. அங்கே சரியாக இருந்தால், சிப்புக்கும் கண்ணுக்கும் இடையில் எங்கோ.

பிறகு திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கீல் அசையும்போது நிறம் சட்டென்று மாறினாலோ கோடுகள் மின்னினாலோ, கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப வெளிச்சமும் நிறமும் சீராக மாறிக்கொண்டே போனால் அது கேபிள் பழுதல்ல, டிஎன் என்ற எல்சிடி வகை பேனலின் இயல்பு.

கடைசியாக, சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் பாருங்கள். அந்த நொடியிலோ அடுத்த சில நொடிகளிலோ நிறமோ கான்ட்ராஸ்ட்டோ மாறினால், மின்சேமிப்பு அம்சம் ஒன்று திரையில் கைவைக்கிறது என்று பொருள். இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை. ஆனால் ‘சில நேரம் நன்றாக இருக்கிறது, சில நேரம் இல்லை’ என்ற வகைப் புகார்களுக்கு இதுதான் முதலில் செய்ய வேண்டிய சோதனை.

படி 2: நிறத்தை மாற்றும் அம்சங்களை ஒவ்வொன்றாக அணையுங்கள்

இதுதான் நீளமான படி, பொறுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் அணைத்த பிறகு ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தையும் ஒரு சாம்பல் படத்தையும் பார்த்துக்கொண்டே போனால், எது காரணம் என்பதும் தெரிந்துவிடும்.

விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட், லினக்ஸின் நோம் சூழலில் நைட் லைட்: மூன்றும் நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்குபவை. இவை நேர அட்டவணையில் இயங்குவதால் பகலில் சரியாகவும் மாலையில் மஞ்சளாகவும் தெரியும். தனியாக நிறுவிய கண் பாதுகாப்புச் செயலிகள் இருந்தால் அவற்றையும் மூடுங்கள். இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் இதைச் செய்யும்போது, ஒன்றை அணைத்தும் மஞ்சள் போகாமல் நிற்கும்.

விண்டோஸின் அக்செஸிபிலிட்டி பகுதியில் கலர் ஃபில்டர்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் குறுக்குவிசை இயக்கப்பட்டிருந்தால், விண்டோஸ், கண்ட்ரோல், சி மூன்றும் தவறுதலாகச் சேர்ந்து அழுந்தியதும் திரை முழுக்கச் சாம்பலாகிவிடும். திடீரென்று திரை கறுப்பு வெள்ளையாகிவிட்டது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

மேக்கில் ட்ரூ டோன், அறையின் ஒளிக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை மாற்றிக்கொண்டே இருக்கும். படிக்க இதமானது, நிற வேலைக்கு ஆகாது. அணையுங்கள். இதேபோல் அறையின் ஒளியை உணரும் அம்சம் சில விண்டோஸ் லேப்டாப்களிலும் உண்டு. சிஸ்டம், டிஸ்ப்ளே பக்கத்தில் பிரைட்னஸ் வரியை விரித்தால் தெரியும்.

அதே இடத்தில், திரையில் காட்டப்படும் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றி பேட்டரியை மிச்சப்படுத்தும் தேர்வு ஒன்றும் இருக்கும். கருமையான சன்னலைத் திறந்தால் திரை மங்கி, வெள்ளைச் சன்னலைத் திறந்தால் பளிச்சிடுவது இதன் வேலை. இதையும் அணைத்துவிடுங்கள். இன்டெல் கிராபிக்ஸ் செயலியின் பவர் பகுதியில் டிஸ்ப்ளே பவர் சேவிங் என்றும், ஏஎம்டி செயலியின் டிஸ்ப்ளே பகுதியில் வேரி-பிரைட் என்றும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். இவை பேட்டரியில் ஓடும்போது பின்னொளியைக் குறைத்து, அந்தக் குறைவை மறைக்கப் படத்தின் எண்களை ஏற்றுகின்றன. வெளிர் நிறங்கள் வெளுத்துப்போவதும், சார்ஜரைப் பிடுங்கியதும் நிறம் மாறுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் கலர் பக்கம் இருந்தால், பிரைட்னஸ் 50%, கான்ட்ராஸ்ட் 50%, காமா (நடுத்தர நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற அளவு) 1.00, டிஜிட்டல் வைப்ரன்ஸ் 50%, ஹ்யூ 0 என்று இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். விளையாட்டுக்காக வைப்ரன்ஸை ஏற்றி அப்படியே விட்டவர்கள் பலர். சில லேப்டாப்களில் அந்தப் பக்கமே தெரியாது. உள்திரை இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு இணைக்கப்பட்டிருந்தால் அது இயல்பு. அந்தச் சிப்பின் செயலியில் போய் இயல்பு நிலைக்கு மாற்றுங்கள்.

லேப்டாப் தயாரிப்பாளரின் செயலியை மறந்துவிட வேண்டாம். அசுஸில் மைஅசுஸ் செயலிக்குள் ஸ்ப்ளெண்டிட், டெல்லின் சில வரிசைகளில் பிரீமியர்கலர், எம்எஸ்ஐயில் ட்ரூ கலர். விவிட், ஐ கேர், கேமிங் போன்ற முறைகள் இவற்றில் இருக்கும். நார்மல் அல்லது எஸ்ஆர்ஜிபி (இணையப் படங்களுக்கான பொதுவான நிற வரையறை) முறையைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வேறுபாடு காட்டும் எச்டிஆர் முறை பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் எச்டிஆரை இயக்கினால் சாதாரண டெஸ்க்டாப் வெளுத்துத் தெரிவது வழக்கம், அதிலும் வெளிச்சம் குறைந்த பேனல்களில். விண்டோஸ், ஆல்ட், பி மூன்றையும் அழுத்தினால் எச்டிஆர் அணையும், மறுபடி அழுத்தினால் இயங்கும். எச்டிஆர் படம் பார்க்காத நேரத்தில் அதை அணைத்தே வைப்பது நல்லது என்பது என் கருத்து. வழக்கமான முறையில் செய்த கேலிபரேஷன் எச்டிஆருக்குப் பொருந்தாது. அதற்கென்று விண்டோஸ் எச்டிஆர் கேலிபரேஷன் என்ற தனிச் செயலியை மைக்ரோசாஃப்ட் தருகிறது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகு திரை நீலமாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். பல மாதங்கள் மஞ்சள் திரையைப் பார்த்துப் பழகிய கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு கால் மணி நேரம் அதே திரையில் வேலை செய்யுங்கள், கண் பழகிவிடும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மஞ்சளைக் கூட்டினால் வேலை மீண்டும் முதலிலிருந்துதான்.

படி 3: கெட்ட புரொஃபைலைக் கண்டுபிடித்து நீக்குங்கள்

படம் பார்க்கும் செயலியில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது, டெஸ்க்டாப்பிலும் உலாவியின் வெற்றுப் பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது என்றால், கிட்டத்தட்ட உறுதியாகக் காரணம் தவறான கலர் புரொஃபைல். உங்கள் திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று செயலிகளுக்குச் சொல்லும் சிறு கோப்பு அது. லேப்டாப்போடு வந்ததாகவோ, அப்டேட்டோடு சேர்ந்து வந்ததாகவோ இருக்கலாம். அதில் பேனலுக்குப் பொருந்தாத விவரம் இருந்தால், புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த செயலிகளில் மட்டும் நிறம் கெடும்.

விண்டோஸில் இதைச் சரிசெய்ய:

1. தொடக்க மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறங்கள்.
2. டிவைசஸ் பகுதியில் உங்கள் திரையைத் தேர்ந்தெடுங்கள். வெளி மானிட்டரும் இணைந்திருந்தால் ஐடென்டிஃபை பொத்தானை அழுத்தி எது எதுவென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.
3. இந்தச் சாதனத்துக்கு என் செட்டிங்ஸைப் பயன்படுத்து என்ற பொருள் தரும் பெட்டியில் டிக் செய்யுங்கள்.
4. ஆட் பொத்தானை அழுத்தி, எஸ்ஆர்ஜிபி ஐஇசி 61966-2.1 என்ற புரொஃபைலைச் சேர்த்து, அதையே டீஃபால்ட் ஆக்குங்கள்.
5. செயலியை மூடித் திறந்து பாருங்கள்.

எஸ்ஆர்ஜிபி என்பது எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் பன்னாட்டுத் தரமாக ஆன நிற வரையறை. இணையத்தில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான படங்கள் இதன்படியே அமைந்தவை. உங்கள் பேனலை இது துல்லியமாக விவரிக்காது. ஆனால் தவறான விவரத்தை விட இது பாதுகாப்பானது. பழைய புரொஃபைலை அழிக்க வேண்டாம், டீஃபால்ட் நிலையிலிருந்து இறக்கினால் போதும்.

மேக்கில் டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் கலர் புரொஃபைல் பட்டியல் இருக்கிறது. அதில் கலர் எல்சிடி என்றோ உங்கள் திரையின் பெயரிலோ உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அங்கே எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும் புரொஃபைல் அந்தப் பேனலுக்கென்றே செய்தது. லிக்விட் ரெட்டினா எக்ஸ்டிஆர் திரை உள்ள மேக்புக் ப்ரோவில் புரொஃபைலுக்குப் பதில் ரெஃபரன்ஸ் முறைகள் இருக்கும். இணைய வேலைக்கு இன்டர்நெட் அண்ட் வெப், புகைப்படத்துக்குப் போட்டோகிராஃபி. பெரும்பாலோருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

படி 4: அறையும் வெளிச்சமும்

திரையை இயக்கி அரை மணி நேரம் கழித்தே நிறத்தைப் பாருங்கள். பின்னொளி நிலைப்பட நேரம் ஆகும். சார்ஜரைச் செருகி வையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் நேராகத் திரையில் விழாதபடி உட்காருங்கள். வண்ணமயமான வால்பேப்பரை எடுத்துவிட்டு நடுத்தரச் சாம்பல் நிறத்தை வையுங்கள், ஏனென்றால் சுற்றியுள்ள நிறம் நடுவில் உள்ள நிறத்தைப் பற்றிய நம் கணிப்பை மாற்றிவிடும்.

இனி பிரைட்னஸ். நிறப் பிரச்சினை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு உண்மையில் வெளிச்சப் பிரச்சினை. பிரைட்னஸை 100% வைத்துப் படத்தை எடிட் செய்தால், கண்ணுக்கு இதமாக இருக்கும்படி படத்தை இருட்டாக்கிவிடுவீர்கள். அது அச்சிலும் பிறர் திரையிலும் கருத்துப்போய் வரும். ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரையிலான வெளிச்சம் நிற வேலைக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு. அளவுகருவி இல்லையென்றால், வெற்று ஆவணப் பக்கத்தைத் திரையில் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடியுங்கள். திரை விளக்கு போல ஒளிராமல், தாளின் வெளிச்சத்துக்கு நெருக்கமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அந்த அளவைக் குறித்து வையுங்கள். இனிச் செய்யும் எல்லாமே அந்த அளவில்தான் செல்லும்.

படி 5: கண்ணால் செய்யும் கேலிபரேஷன்

கருவி இல்லாதவர்களுக்கான வழி இது. வெள்ளையின் நிறத்தைக் கண் தீர்மானிப்பது நம்பகமானதல்ல. ஆனால் காமாவையும் கறுப்பு விவரங்களையும் கண்ணாலேயே ஓரளவு நன்றாகச் சரிசெய்யலாம்.

விண்டோஸில் கேலிபரேட் டிஸ்ப்ளே கலர் என்று தேடித் திறங்கள். முதலில் வருவது காமா. வட்டங்களின் நடுவில் உள்ள சிறு புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்துங்கள். திரைக்கு நேராக, கண் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்து வரும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் பக்கங்கள் தனி மானிட்டருக்கானவை. லேப்டாப்பில் அவற்றைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு வருவது நிறச் சமநிலை. சாம்பல் பட்டைகளில் எந்தச் சாயமும் தெரியக் கூடாது. எந்த நிறம் மிகுந்து தெரிகிறதோ அதைக் குறையுங்கள், மற்ற இரண்டையும் ஏற்றி ஈடுகட்ட முயல வேண்டாம். சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது. முடிவில் முந்தைய நிலையையும் இப்போதைய நிலையையும் மாற்றி மாற்றிக் காட்டும் பொத்தான்கள் வரும். வேறுபாடு நல்லதாகத் தெரிந்தால் மட்டும் ஃபினிஷ் அழுத்துங்கள்.

காமா சரியாக அமைந்ததா என்று நீங்களே சோதிக்கலாம். ஏதாவது பெயின்ட் செயலியில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறிக் கிடைக்கோடுகள் வரைந்து, நடுவில் மூன்று நிறங்களும் 186 என்ற அளவில் உள்ள சாம்பல் பெட்டி ஒன்றை வையுங்கள். படத்தைப் பெரிதாக்காமல், ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்ற கணக்கில் காட்டி, சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விண்டோஸின் ஸ்கேலிங் 125% அல்லது 150% இருந்தால் கோடுகள் குழம்பிவிடும், சோதனைக்காக மட்டும் 100% ஆக்குங்கள். காமா 2.2 ஆக இருந்தால் பெட்டி கோடுகளோடு கலந்து மறைந்துவிடும். பெட்டி வெளிறித் தெரிந்தால் காமா குறைவு, அதாவது நடு நிறங்கள் வெளுத்திருக்கின்றன. பெட்டி இருண்டு தெரிந்தால் காமா அதிகம், நிழல் விவரங்கள் அமுங்கியிருக்கின்றன.

கறுப்புக்கு: முழுக் கறுப்புப் பின்னணியில் 5, 10, 15, 20 அளவுகளில் நான்கு சதுரங்கள். 10 தெரிந்தால் பரவாயில்லை, 5உம் மங்கலாகத் தெரிந்தால் நன்று. வெள்ளைக்கு: முழு வெள்ளையில் 245, 250, 253. இவை எதுவுமே தெரியவில்லை என்றால் படி 2இல் எதையோ அணைக்காமல் விட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் கான்ட்ராஸ்ட்டை ஏற்றும் ஏதோ ஒரு முறை.

படி 6: கருவி கொண்டு அளப்பது

புகைப்படம், வடிவமைப்பு, வீடியோ என்று நிறத்தை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை. கலரிமீட்டர் என்ற சிறு கருவி திரைமேல் படிந்து, மென்பொருள் காட்டும் நிறங்களை ஒவ்வொன்றாக அளக்கும். காலிபிரைட், டேட்டாகலர் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் பரவலாகப் புழங்குகின்றன. வாங்காமல் நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினாலும் போதும். ஆனால் மிகப் பழைய கருவியாக இருந்தால் யோசியுங்கள். சிலவற்றின் வடிகட்டிகள் ஆண்டுகள் போகப்போக மங்கும், அளவும் பிசகும்.

மென்பொருள் கருவியோடு வரும். அல்லது ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளையும் அதன் முகப்பான டிஸ்ப்ளேகேலையும் பயன்படுத்தலாம். டிஸ்ப்ளேகேலின் பழைய பதிப்பு பைத்தான் 2இல் எழுதப்பட்டது. இப்போது பராமரிக்கப்படும் பைத்தான் 3 பதிப்பைத் தேடி நிறுவுங்கள். இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு அளவும் எதற்கு என்று அது வெளிப்படையாகக் காட்டுகிறது.

தொடங்கும் முன், திரை எந்த வகை என்று மென்பொருளிடம் சொல்ல வேண்டும். வெள்ளை எல்இடி பின்னொளி, அகன்ற நிறம் காட்டும் பாஸ்பர் எல்இடி, ஓஎல்இடி ஆகிய ஒவ்வொன்றின் ஒளியும் வேறுவிதம். தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் கருவி தவறாக அளக்கும். முடிவில் திரை பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். கேலிபரேஷன் முடித்த பிறகு திரை முன்பை விட மோசமாகத் தெரிகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இலக்குகள்: வெள்ளைப் புள்ளி (திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்ற அளவு) டி65, அதாவது சுமார் 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் முன்பு சொன்ன 80 முதல் 120 கேண்டெலா. வெளிச்சத்தை மென்பொருளால் குறைக்க விடாதீர்கள். விசைப்பலகையின் பிரைட்னஸ் விசையால் இலக்குக்குக் கொண்டுவந்துவிட்டு, மென்பொருளில் அளந்தபடியே என்ற தேர்வை வையுங்கள். பேனலின் இயல்பான வெள்ளை 7500 கெல்வின் போல எங்கோ தள்ளி இருந்தால், அதை 6500க்கு இழுக்க நீலத்தை நிறைய வெட்ட வேண்டிவரும். படிகள் போகும், வெளிச்சமும் போகும். இந்த லேப்டாப் ஒன்றை மட்டுமே பார்த்து வேலை செய்பவர் என்றால், வெள்ளைப் புள்ளியையும் அளந்தபடியே விட்டுவிடலாம். கண் பழகிக்கொள்ளும், படிகளும் மிஞ்சும். பக்கத்தில் வேறு மானிட்டர் வைத்து இரண்டையும் ஒப்பிடுபவர்களுக்கு மட்டும் டி65 கட்டாயம்.

கருவியை வைக்கும்போது திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி இடைவெளியின்றிப் படியுமாறு செய்யுங்கள். அறை விளக்கை அணையுங்கள். ஸ்கிரீன்சேவரும் தூக்க நிலையும் இடையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் டெல்டா ஈ என்ற அளவைக் காட்டும். நோக்கிய நிறத்துக்கும் காட்டப்படும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1க்குக் கீழ் என்றால் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. சராசரி 2க்குள் வந்தால் லேப்டாப் திரைக்கு அது நல்ல முடிவு.

படி 7: கேலிபரேஷன் வேறு, புரொஃபைல் வேறு

எல்லாம் செய்தும் ‘போட்டோஷாப்பில் ஒரு நிறம், டெஸ்க்டாப்பில் வேறு நிறம்’ என்பவர்கள் இந்தப் படியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் உருவாக்கிய கோப்பில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று திருத்த வளைவு. அது கிராபிக்ஸ் சிப்பில் ஏறி, திரையில் தெரியும் எல்லாவற்றின் வெள்ளையையும் சாம்பலையும் திருத்துகிறது. மற்றொன்று விவரணை: இந்தத் திரையின் முழுச் சிவப்பு எவ்வளவு சிவப்பு, பச்சை எவ்வளவு பச்சை என்ற தகவல். இதைப் படித்து நிறத்தை மாற்றிக்காட்டுவது நிற மேலாண்மை தெரிந்த செயலிகள் மட்டுமே. போட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப், இன்றைய உலாவிகள் இதைச் செய்யும். பல விளையாட்டுகளும் பழைய செயலிகளும் செய்யாது.

திரை எஸ்ஆர்ஜிபி அளவே நிறம் காட்டுவதாக இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. இப்போது பரவலாகிவரும் டிசிஐ-பி3 (எஸ்ஆர்ஜிபியை விட அகன்ற நிற வரையறை) அளவுக்கு நிறம் காட்டும் ஓஎல்இடி திரைகளில் பளிச்சென்று தெரியும். நிற மேலாண்மை தெரியாத செயலி, 255 சிவப்பு என்றதும் திரையால் முடிந்த அதிகபட்சச் சிவப்பைக் காட்டிவிடும். முகங்கள் வெயிலில் வெந்தது போலாகும். இதை எந்தக் கேலிபரேஷனும் தீர்க்காது. தயாரிப்பாளரின் செயலியில் எஸ்ஆர்ஜிபி முறை இருந்தால் அதற்கு மாறுவதுதான் எளிய வழி. மாறிய பிறகு, அந்த முறையில் தனியாக அளந்து தனிப் புரொஃபைல் செய்ய வேண்டும். விண்டோஸ் 11இன் பிந்தைய பதிப்புகளில், வன்பொருள் இடம்கொடுத்தால், செயலிகளுக்காக நிறத்தைத் தானே மேலாண்மை செய்யும் தேர்வும் டிஸ்ப்ளே பக்கத்தில் உண்டு.

ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாகவே புரொஃபைல் ஒட்டிய படங்களை மட்டும் திருத்தும். அதன் உள் அமைப்புப் பக்கத்தில் கலர் மேனேஜ்மென்ட் மோட் என்ற மதிப்பை 2இலிருந்து 1ஆக்கினால், பக்கத்தின் மற்ற நிறங்களையும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு திருத்தும். அகன்ற நிறத் திரை வைத்திருப்பவர்கள் இதைச் செய்தாக வேண்டும்.

படி 8: செய்த கேலிபரேஷன் காணாமல் போனால்

தூக்க நிலையிலிருந்து எழுப்பும்போது, முழுத்திரை விளையாட்டு முடிந்ததும், டிரைவர் அப்டேட் ஆனதும் திருத்த வளைவு சிப்பிலிருந்து விழுந்துவிடலாம். கலர் மேனேஜ்மென்ட் சன்னலில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய், சேஞ்ச் சிஸ்டம் டீஃபால்ட்ஸ் அழுத்தி, புதிதாகத் திறக்கும் சன்னலின் அட்வான்ஸ்ட் பகுதியில் யூஸ் விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிபரேஷன் என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். நிர்வாகி அனுமதி தேவைப்படும். டிஸ்ப்ளேகேல் நிறுவியவர்கள் அதன் புரொஃபைல் லோடரை இயங்க விட்டால் போதும், இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

உள்திரையை ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியுள்ள கேமிங் லேப்டாப்களில், மாற்றியதும் விண்டோஸ் அதே திரையை வேறு திரையாகக் கருதக்கூடும். அப்போது புரொஃபைலை அந்தப் புதிய பெயருக்கும் ஒருமுறை சேர்க்க வேண்டும்.

வெளி மானிட்டரில் மட்டும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், எச்டிஎம்ஐ வழியே 16 முதல் 235 வரையிலான குறுகிய அளவில் சிக்னல் போகிறது. கிராபிக்ஸ் செயலியில் அவுட்புட் ரேஞ்சை ஃபுல் ஆக்குங்கள்.

பேனலே போதாதபோது

விவரப் பட்டியலில் 45% என்டிஎஸ்சி (பழைய தொலைக்காட்சி நிற வரையறை) என்று போட்டிருந்தால், அந்தப் பேனல் எஸ்ஆர்ஜிபியில் தோராயமாக 60 முதல் 65% மட்டுமே காட்டும். இல்லாத சிவப்பைக் கேலிபரேஷன் உருவாக்காது. 6 பிட் பேனல் என்றால் ஒரு நிறத்துக்கு 64 படிகள், மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியைப் பிக்சல்களை வேகமாக மாற்றிக்காட்டி ஈடுகட்டும். இத்தகைய திரையில் கடுமையான திருத்தம் செய்தால் பட்டைக் கோடுகள்தான் கூடும். காமாவையும் வெளிச்சத்தையும் மட்டும் சரிசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட திரையிலும் பொறுப்பான வேலை செய்ய முடியும். கண்ணுக்குப் பதில் எண்ணை நம்ப வேண்டும். எடிட்டிங் செயலியில் நிறத்தின் எண்களைக் காட்டும் ஐடிராப்பரை, படத்தில் நடுநிலைச் சாம்பலாக இருக்க வேண்டிய ஓரிடத்தில் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டினால், திரை என்ன காட்டினாலும் அங்கே சாயம் இல்லை. படம் இருண்டிருக்கிறதா என்பதை ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) சொல்லும். நிறைவான சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் இந்தத் திரையில் முடிவு செய்யாமல், நல்ல திரை ஒன்றில் பார்த்த பிறகு படத்தை அனுப்புங்கள்.